தியானமும் பிரக்ஞையும் குவாண்டம் இயற்பியலும்: தொடர்பு எங்கே உண்டு, எங்கே இல்லை

கேள்வி இதுதான்: "ஒருவர் பார்க்கும்வரை துகளுக்கு உறுதியான நிலை கிடையாது, பார்ப்பதால்தான் அது ஒரு நிலையை அடைகிறது என்று குவாண்டம் இயற்பியல் சொல்கிறது. தியானத்தில் பார்ப்பவரையே நாம் பார்க்கிறோம். அப்படியானால் தியானம் செய்பவர் குவாண்டம் நிலையோடு நேரடியாகத் தொடர்புகொள்கிறார் என்று கொள்ளலாமா? ஞானிகள் உள்ளே கண்டதைத்தான் விஞ்ஞானிகள் இப்போது வெளியே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்களா?"

நான் இயற்பியல் கற்பிப்பவன், தியானமும் பழகிவருபவன். இரண்டின் மீதும் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு என்பதால் இதற்கு ஒரு வரியில் ஆம், இல்லை என்று சொல்லிவிட மனம் வரவில்லை. இந்தக் கேள்விக்குள் மூன்று தனித்தனித் தொடர்புகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தியானத்துக்கும் பிரக்ஞைக்கும் உள்ள தொடர்பு உண்மையானது, அளந்து பார்க்கப்பட்டது. பிரக்ஞைக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் கருதுகோள் நிலையில் இருக்கிறது. அதைத் தீவிரமாக ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். தியானத்துக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கோ இதுவரை ஏற்கத்தக்க சான்று ஏதுமில்லை. மேடைகளிலும் காணொளிகளிலும் முதல் தொடர்புக்கான சான்றுகளைக் காட்டி மூன்றாவதை நிலைநாட்டிவிடுகிறார்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் 'பார்ப்பவர்' என்ற பேச்சுக்கு வருவோம். எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரண்டு பிளவுகளை நோக்கி அனுப்பினால், திரையில் அவை தனித்தனிப் புள்ளிகளாக விழுந்தாலும், புள்ளிகள் பெருகப் பெருக அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது தோன்றும் பட்டைபட்டையான குறுக்கீட்டுக் கோலம் உருவாகிறது. ஜப்பானில் அகிரா டோனோமுராவின் குழு 1989இல் இதைப் படமாகவே பதிவுசெய்து காட்டியது. எலெக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே சென்றது என்று கண்டறிய ஒரு கருவியை வைத்தால் கோலம் மறைந்துவிடுகிறது. இதைத்தான் 'பார்த்தால் மாறிவிடுகிறது' என்கிறோம். ஆனால் இந்த வாக்கியத்தில் பார்ப்பது மனிதக் கண்ணோ மனமோ அல்ல என்பதைத் தெளிவாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வியன்னாவில் ஆன்டன் சைலிங்கர், மார்கஸ் ஆர்ன்ட் ஆகியோரின் குழு 1999இல், 60 கார்பன் அணுக்கள் பந்துபோலக் கூடிய ஃபுல்லரீன் என்ற மூலக்கூறும் அலைபோல நடந்துகொள்வதைக் காட்டியது. அதே குழு 2004இல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறை எடுத்துக்கொண்டு, குறுக்கீட்டைக் காட்டும் கருவிக்குள் நுழையும் முன் லேசர் ஒளியால் அதைச் சூடாக்கியது. சூடான எந்தப் பொருளும் ஒளியை உமிழும். இந்த மூலக்கூறும் பறக்கும் வழியிலேயே ஃபோட்டான்கள் என்னும் ஒளித்துகள்களை உமிழ்ந்தது. அந்த ஃபோட்டான்கள் எங்கிருந்து கிளம்பின என்ற தகவலைத் தம்மோடு சுமந்து சென்றன. அவற்றை யாரும் பிடிக்கவில்லை, யாரும் அளக்கவில்லை. அவை கருவியின் சுவரில் மோதி மறைந்தன. ஆனாலும் வெப்பம் ஏற ஏறக் குறுக்கீட்டுக் கோலம் மங்கிக்கொண்டே வந்து, சுமார் 3000 கெல்வின் அளவில் மறைந்துவிட்டது. மூலக்கூறு தன் பாதையைப் பற்றிய தகவலைச் சூழலில் கசியவிட்டதே போதுமானதாக இருந்தது. அந்தத் தகவலை அறிந்துகொள்ள ஒரு மனம் தேவைப்படவில்லை.

இந்த நிகழ்வைக் குவாண்டம் ஓரியல்பு குலைதல் என்கிறார்கள். ஒரு துகள் ஒரே நேரத்தில் பல சாத்தியங்களில் இருப்பதை மேற்பொருந்திய நிலை என்பார்கள்; அந்தச் சாத்தியங்களுக்கிடையே இருக்கும் நுட்பமான ஒழுங்கு, அதாவது ஓரியல்பு, சுற்றியுள்ள காற்று, ஒளி, வெப்பம் ஆகியவற்றோடு பின்னிப்பிணைந்து, நம்மால் திரும்பப் பெற முடியாத அளவுக்குச் சிதறிவிடுவதே அது. ஆய்வகத்தில் 'அளவீடு' என்று நாம் சொல்வது இந்தச் சிதறலைத் திட்டமிட்டு நிகழ்த்துவதுதான். ஆகவே, மனித மனம் பார்ப்பதால் பொருள் உருவாகிறது என்பது குவாண்டம் இயற்பியல் நிறுவிய முடிவு அல்ல.

அப்படியானால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அறியாதவர்கள் இட்டுக்கட்டியதல்ல இது. மாபெரும் இயற்பியலாளர்களே இதை முன்வைத்தார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஜான் வான் நாய்மன் 1932இல் குவாண்டம் இயற்பியலுக்குக் கணித அடித்தளம் அமைத்தபோது ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். துகளைக் கருவி அளக்கிறது என்றால், கருவியும் அணுக்களால் ஆனதுதானே? அதுவும் குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டு மேற்பொருந்திய நிலையில்தானே இருக்க வேண்டும்? கருவியைப் பார்க்கும் கண், கண்ணிலிருந்து செய்தி பெறும் மூளை என்று சங்கிலி நீண்டுகொண்டே போகிறது. எந்தக் கண்ணியில் ஒற்றை முடிவு பிறக்கிறது என்று சமன்பாடுகள் சொல்வதில்லை. 1939இல் ஃபிரிட்ஸ் லண்டனும் எட்மண்ட் பாவரும் அந்தக் கடைசிக் கண்ணியைப் பார்ப்பவரின் பிரக்ஞையில் வைத்தார்கள். 1961இல் யூஜின் விக்னர் இன்னும் அழுத்தமாக, பிரக்ஞையைக் குறிப்பிடாமல் குவாண்டம் விதிகளை முரணின்றி எழுதவே முடியாது என்று வாதிட்டார். அவர் பின்னாளில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் டீட்டர் சே 1970இல் தொடங்கிவைத்த ஓரியல்பு குலைதல் பற்றிய ஆய்வுகள் அந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணமாக இருந்தன. விக்னரின் 1961ஆம் ஆண்டுக் கூற்றை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பிற்பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதனால் வான் நாய்மன் சுட்டிய அளவீட்டுச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறுக்கீடு ஏன் மறைகிறது என்பதை ஓரியல்பு குலைதல் விளக்குகிறது. பல சாத்தியங்களில் ஏன் இந்த ஒன்று மட்டும் நிகழ்ந்தது என்பதை அது விளக்குவதில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாச் சாத்தியங்களும் வெவ்வேறு உலகங்களில் நிகழ்கின்றன என்னும் பல்லுலக விளக்கம், துகளை ஓர் அலை நடத்திச்செல்கிறது என்னும் இயற்பியலாளர் டேவிட் போமின் விளக்கம், துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பு தானாகவே ஒற்றை முடிவாகச் சரியும் என்னும் கோட்பாடுகள் எல்லாம் போட்டியிடுகின்றன. பிரக்ஞையும் அங்கே ஒரு வேட்பாளராக இன்றும் நிற்கிறது. தத்துவவியலாளர் டேவிட் சால்மர்ஸ் தம் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து அதைக் கணித வடிவில், சோதித்துப் பார்க்கத்தக்கதாக எழுத முயன்றிருக்கிறார். ஆனால் வேட்பாளராக நிற்பது வேறு, வென்றுவிட்டதாக அறிவிப்பது வேறு.

வேதாந்தமும் பௌத்தமும் இந்தக் கதைக்குள் நுழைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அலைச் சமன்பாட்டை 1926இல் தந்த எர்வின் ஷ்ரோடிங்கர், அதற்கு முன்பே உபநிடதக் கருத்துகளில் தோய்ந்தவர். உயிரைப் பற்றி 1944இல் வெளியிட்ட சிறு நூலின் முடிவுரையில், ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்ற கருத்தை வெளிப்படையாகவே எடுத்துப் பேசினார். பிரக்ஞை என்பது ஒன்றுதான், பலவல்ல என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆனால் தம் சமன்பாடு அதை நிரூபிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. தத்துவத்தைத் தத்துவமாகவும் இயற்பியலை இயற்பியலாகவும் அவர் கையாண்டார். டேவிட் போம் 1961 முதல் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உரையாடினார். எண்ணம், காலம், பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் உள்ள பிளவு ஆகியவற்றைப் பற்றிய அந்த உரையாடல்கள் போமின் முழுமை பற்றிய சிந்தனையைச் செழுமைப்படுத்தின என்பதில் ஐயமில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் 2004ஆம் ஆண்டு முதல் நிற்கும் 2 மீட்டர் உயர நடராசர் சிலை இந்திய அரசின் அன்பளிப்பு. துகள்களின் ஓயாத ஆக்கத்தையும் அழிவையும் சிவ நடனத்தோடு ஒப்பிட்ட இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் வரிகள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது அழகான ஒப்புமை. தில்லைக் கூத்தனை அங்கே காணும் எந்தத் தமிழருக்கும் நெஞ்சு நிறையும். ஆனாலும் ஒப்புமையைச் சான்றாகக் கொள்ள முடியாது. சிலை அங்கே நிற்பதால் சைவ சித்தாந்தத்தைத் துகள் முடுக்கி மெய்ப்பித்துவிட்டது என்று சொன்னால், இரண்டுக்குமே நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

இனி மூளைக்குள் வருவோம். பிரக்ஞையும் குவாண்டமும் உண்மையிலேயே சந்திக்க வேண்டுமானால் அந்தச் சந்திப்பு மூளைக்குள் எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு மூலக்கூறில், குறிப்பிட்ட ஒரு கால அளவுக்குள் நடந்தாக வேண்டும். இதைத் துணிந்து சொன்னவர்கள் பிரிட்டன் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் அரிசோனாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபும். நரம்பணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்கள் என்னும் புரத அமைப்புகளில் குவாண்டம் மேற்பொருந்துநிலைகள் உருவாகின்றன, ஈர்ப்பு விசையோடு தொடர்புடைய ஒரு காரணத்தால் அவை தாமாகச் சரிகின்றன, அந்தச் சரிவின் கணமே பிரக்ஞையின் கணம் என்பது 1990களில் அவர்கள் வகுத்த கோட்பாடு. பென்ரோஸ் 2020இல் நோபல் பரிசு பெற்றது கருந்துளைகள் பற்றிய பணிக்காகவே. இந்தக் கோட்பாட்டுக்காக அல்ல. இதையும் பலர் கலந்து சொல்லிவிடுகிறார்கள்.

இதற்கு எழுந்த மிக வலுவான எதிர்ப்பு 2000ஆம் ஆண்டில் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் செய்த கணக்கு. மூளை சுமார் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீரும் அயனிகளும் இடைவிடாமல் மோதிக்கொண்டிருக்கும் இடம். தேர்த்திருவிழாக் கூட்டத்தின் நடுவே இருவர் காதோடு காதாகப் பேச முயல்வதைப் போன்றது அங்கே ஓரியல்பைக் காப்பாற்றுவது. நுண்குழலில் அது சுமார் 10 இலட்சம் கோடியில் ஒரு பங்கு விநாடிக்குள் குலைந்துவிடும் என்றும், நரம்பணு துடிப்பதும் துடிக்காமல் இருப்பதும் ஒன்றாக மேற்பொருந்திய நிலை அதைவிடவும் பல இலட்சம் மடங்கு வேகமாகக் குலைந்துவிடும் என்றும் அவர் கணக்கிட்டார். நரம்பணுக்களின் செயலோ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி முதல் பத்தில் ஒரு பங்கு விநாடி வரையிலான அளவில் நடக்கிறது. டெக்மார்க்கின் அனுமானங்கள் சரியில்லை என்று ஹாமராஃப் தரப்பு 2002இல் பதிலளித்து, நீண்ட கால அளவுகளைப் பெறலாம் என்று காட்ட முயன்றது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வகத்தில் அந்தச் சரிவின்போது எழும் என்று எதிர்பார்க்கப்பட்ட கதிர்வீச்சைத் தேடி ஜெர்மானியம் உணர்கருவியைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனை, ஈர்ப்பால் சரிவு நிகழும் என்னும் கோட்பாட்டின் மிக எளிய வடிவம் சரியல்ல என்று 2020இல் காட்டியது. தம் வடிவத்தில் அத்தகைய கதிர்வீச்சே எழாது என்று பென்ரோஸ் சொல்வதால், அவருடைய முழுக் கருத்தும் அதனால் விழுந்துவிடவில்லை.

உயிருடலில் குவாண்டம் விளைவுகளுக்கு இடமே இல்லை என்று சொல்வதும் தவறாகிவிடும். இரவில் வலசைபோகும் ஐரோப்பிய ராபின் பறவை புவியின் காந்தப் புலத்தை உணர்வதற்கு, அதன் கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் உருவாகும் எலெக்ட்ரான் இணைகளின் தற்சுழற்சி (ஸ்பின் எனப்படும் குவாண்டம் பண்பு) காரணமாக இருக்கலாம் என்ற கருத்துக்கு 2021இல் நல்ல ஆய்வக ஆதரவு கிடைத்தது. மறுபுறம், ஒளிச்சேர்க்கையில் நீண்ட நேரம் நீடிக்கும் குவாண்டம் ஓரியல்பு இருப்பதாக 2007இல் வந்த புகழ்பெற்ற அறிவிப்பு, பிற்கால ஆய்வுகளில் பெருமளவு மூலக்கூறு அதிர்வுகளாக விளக்கப்பட்டுவிட்டது. ஒன்று வலுப்பெறுகிறது, இன்னொன்று தளர்கிறது. இந்தத் துறை இப்படித்தான் நகர்கிறது.

எனக்கு மிகவும் ஆர்வமூட்டுபவை மயக்கமருந்துச் சோதனைகள். அவற்றில் பிரக்ஞை இருப்பதையும் போவதையும் நேரடியாகக் கையாள முடிகிறது. ஜெனான் வாயு நல்ல மயக்கமருந்து. வேதியியல் ரீதியாக அதன் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள், எல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் 129, 131 ஆகிய ஐசோடோப்புகளின் அணுக்கருவுக்குத் தற்சுழற்சி உண்டு. 132, 134 ஆகியவற்றுக்கு இல்லை. எலிகளிடம் சோதித்தபோது, தற்சுழற்சி உள்ள ஐசோடோப்புகளின் மயக்கும் திறன் குறைவாக இருந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. நுண்குழல்களை நிலைப்படுத்தும் ஒரு மருந்தைப் பெற்ற எலிகள் மயக்கமடைய ஒரு நிமிடத்துக்கும் சற்று அதிகமான நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டதாக 2024இல் மற்றோர் ஆய்வு வந்தது. இரண்டாவதை வைத்துப் பிரக்ஞை குவாண்டம் நிகழ்வு என்று முடிவுகட்ட முடியாது. நுண்குழல்கள் மயக்கத்தில் பங்கேற்கின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது. முதலாவது, வேறு ஆய்வகங்களிலும் அதே முடிவைத் தந்தால், விளக்கியே ஆக வேண்டிய ஒன்றாகிவிடும். ஏனெனில் அணுக்கருவின் தற்சுழற்சி சாதாரண வேதியியலில் பெரிய பங்கு வகிப்பதில்லை.

தியானத்துக்கு வருகிறேன். இங்கே நமக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பி. கே. ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1961இல் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். நான்கு யோகிகள் சமாதி நிலையில் இருந்தபோது ஒளி, ஒலி, சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை ஆகியவற்றால் அமைதியான விழிப்பில் தோன்றும் அவர்களுடைய ஆல்பா அலைகள் கலையவே இல்லை. வேறு இரு யோகிகள் 4 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடங்கள் வரை கையை வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்பா அலை தொடர்ந்தது. ஜப்பானில் கசமாட்சுவும் ஹிராயும் 1966இல் வெளியிட்ட ஆய்வில் ஜென் துறவிகளிடம் நேர்மாறான ஒன்றைக் கண்டார்கள். ஒவ்வொரு சிறு ஒலிக்கும் அவர்களுடைய ஆல்பா அலை சிறிது நேரம் கலைந்து மீண்டது. எத்தனை முறை ஒலித்தாலும், மற்றவர்களுக்கு ஏற்படுவதைப்போல அது பழகிப்போய் மழுங்கவில்லை. புலன்களிலிருந்து முழுமையாக விலகி உள்ளே ஒடுங்கும் யோகமும், ஒவ்வொரு கணத்தையும் புதிதாக எதிர்கொள்ளும் ஜென்னும் மின்னலைத் தாளிலும் அப்படியே தெரிந்தன என்பது படிப்பதற்கு எவ்வளவு சிலிர்ப்பூட்டுகிறது! ஆனால் 1981இல் யோகம், ஜென், ஆழ்நிலைத் தியானம் பயில்பவர்களைத் தியானம் பயிலாதவர்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் இந்த வேறுபாடு தெரியவில்லை. எனவே அந்தச் சிலிர்ப்பைச் சற்று நிதானத்தோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வகம், 10,000 முதல் 50,000 மணி நேரம்வரை பயிற்சி பெற்ற எட்டுத் திபெத்தியப் பௌத்தப் பயிற்சியாளர்களைச் சோதித்தது. குறிப்பிட்ட எவரையும் எதையும் பற்றாத கருணைத் தியானத்தில் அவர்கள் இருந்தபோது, 25 முதல் 42 ஹெர்ட்ஸ் வரையிலான, காமா எனப்படும் வேகமான மூளை மின்னலைகள் மிக வலுவாகவும், மூளையின் தொலைவான பகுதிகளுக்கிடையே ஒத்திசைந்தும் எழுந்தன. மனம் அலைபாயும்போது இயங்கும் மூளை வலையமைப்பு, அனுபவமுள்ள தியானிகளிடம் அடங்கியிருப்பதாக 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவப் பயன் பற்றி 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 3,515 பேரை உள்ளடக்கிய 47 சோதனைகளை ஆராய்ந்து, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிய முதல் மிதமான அளவிலான நன்மை இருப்பதாகச் சொன்னது. எட்டு வாரப் பயிற்சியாலேயே மூளையின் அமைப்பு மாறிவிடும் என்ற பரவலான கூற்றை மட்டும், 2022இல் அதே விஸ்கான்சின் குழு பெரிய அளவில் சோதித்து, அப்படி மாற்றம் ஏதும் காணவில்லை என்று அறிவித்தது. தாங்கள் நேசிக்கும் துறையிலேயே இப்படிப்பட்ட முடிவை ஒளிக்காமல் வெளியிட்டவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

இந்தக் காமா அலைகளைத்தான் 'குவாண்டம் புலத்தோடு மூளை ஒத்திசைவது' என்று காட்டுகிறார்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கி, அதற்கு உரிய ஒரு குவாண்டத்தின் (ஆற்றலின் மிகச்சிறு பொட்டலத்தின்) அளவைக் கண்டறிந்து, உடல் வெப்பநிலையில் ஒவ்வொரு மூலக்கூறும் ஆடிக்கொண்டிருக்கும் வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டால், வெப்ப ஆற்றல் சுமார் 16,000 கோடி மடங்கு பெரிது. அத்தனை சிறிய குவாண்டத்தின் தனித்தன்மை அந்த வெப்ப ஆட்டத்துக்கு நடுவே தெரியவே முடியாது. காமா அலை என்பது கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒருங்கிணைந்து செயல்படுவதால் எழும் மின்னழுத்த ஏற்ற இறக்கம். அதை விளக்கச் சாதாரண மின்னியலும் உயிரியலும் போதும். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. கருணையை நினைக்கும் மனம் தன் உடலிலேயே அவ்வளவு பெரிய ஒழுங்கைக் கொண்டுவர முடிகிறது என்பதே போதிய வியப்பு.

தியானத்தையும் குவாண்டத்தையும் நேரடியாகச் சோதித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். மனத்தின் அசாதாரண ஆற்றல்களை ஆராயும் டீன் ரேடினும் அவருடைய குழுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், லேசர் ஒளி செல்லும் இரட்டைப் பிளவுக் கருவியின்மீது பங்கேற்பாளர்கள் தங்கள் கவனத்தைச் செலுத்தியபோது குறுக்கீட்டுக் கோலம் மிக நுண்ணிய அளவில் மாறியதாகவும், தியான அனுபவம் உள்ளவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்ததாகவும் சொன்னார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான சோதனை கிடையாது. பின்னர் யான் வாலெட்செக், நிகோலஸ் வான் ஸ்டில்ஃபிரீட் ஆகிய இருவர் அதே சோதனையைக் கடுமையான விதிகளின்படி அமைத்து, எதை எப்படிக் கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே எழுதி உறுதிசெய்துகொண்டு நடத்தச் செய்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. எதிர்பார்த்த விளைவு வரவில்லை. அதோடு, எவரும் கவனம் செலுத்தாமல் கருவி மட்டும் இயங்கிய போலிச் சோதனை ஒன்றிலும் 'விளைவு' இருப்பதாகப் புள்ளியியல் காட்டியது. அதாவது அந்தக் கருவியும் கணக்கிடும் முறையும் சேர்ந்து, இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டக்கூடியவை. ரேடின் தரப்பு இதற்கு மறுப்பு எழுதியிருக்கிறது. ஆயினும், இன்றைய நிலையில் தியானம் செய்பவரின் மனம் ஃபோட்டானின் பாதையை மாற்றுகிறது என்று பொறுப்புள்ள எவரும் அடித்துச் சொல்ல முடியாது. 1993 கோடையில் வாஷிங்டன் நகரில் சுமார் 4,000 பேர் கூடித் தியானம் செய்ததால் வன்குற்றங்கள் குறைந்தன என்ற கூற்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே ஒப்பிடப்பட்டது, தியானம் நடக்காதிருந்தால் எத்தனை குற்றங்கள் நடந்திருக்கும் என்று ஒரு கணித மாதிரி ஊகித்த எண்ணோடு. அந்த ஊகத்தின்மீதே எல்லாம் நிற்பதால் அதைச் சான்றாக நான் ஏற்பதில்லை.

தொலைவிலுள்ள துகள்களின் நிலைகளும் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதைக் குவாண்டம் பின்னல் என்கிறார்கள். அதைக் காட்டி 'எல்லா மனங்களும் இணைந்திருக்கின்றன' என்று சொல்வதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். பின்னல் உண்மை, அதற்கான சோதனைகளுக்காக அலென் ஆஸ்பெக்ட், ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகியோர் 2022இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் பின்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்தச் செய்தியையும் அனுப்ப முடியாது என்பதும் அதே கோட்பாட்டின் கணிதத்திலிருந்தே வருகிறது.

இத்தனைக்கும் பிறகு, இந்த இரு துறையினரும் பேசிக்கொள்ள ஏதுமில்லை என்றா சொல்கிறேன்? இல்லை. சைலிங்கர் 1997இல் தரம்சாலாவுக்குச் சென்று தலாய் லாமாவோடு குவாண்டம் இயற்பியலைப் பற்றி நாள்கணக்கில் உரையாடினார்; அடுத்த ஆண்டு தலாய் லாமா இன்ஸ்புரூக் ஆய்வகத்துக்கு வந்து சோதனைகளை நேரில் பார்த்தார். காரணமே இல்லாமல் ஒரு நிகழ்வு நடக்கலாம் என்ற கருத்து, எல்லாம் காரணங்களைச் சார்ந்தே தோன்றுகின்றன என்னும் 'சார்பில் தோற்றம்' என்ற பௌத்தக் கொள்கைக்குச் சவாலாக இருந்ததால் அந்த உரையாடலில் உண்மையான உரசல் இருந்தது. இயற்பியலாளர் கார்லோ ரொவெல்லி, பொருள்களின் பண்புகள் ஒன்றுக்கொன்று உள்ள உறவில்தான் இருக்கின்றன என்ற தம் குவாண்டம் விளக்கத்துக்கு எந்தப் பொருளும் தனித்துத் தானாக இருப்பதில்லை என்னும் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் சூனியவாதத்தில் ஒரு சிந்தனைக் கருவியைக் கண்டார். நாகார்ஜுனருக்குக் குவாண்டம் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. பழைய தத்துவம் புதிய இயற்பியலைச் சிந்திக்க உதவுகிறது என்பதே அவர் சொன்னது. எனக்கு இது சரியான உறவாகத் தோன்றுகிறது.

தியானத்தின் உண்மையான கொடை வேறோர் இடத்தில் இருக்கிறது. மூளை எப்படித் தகவலைக் கையாள்கிறது என்பதை எவ்வளவு விளக்கினாலும், அதோடு ஏன் ஓர் அகஅனுபவமும் சேர்ந்து வருகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இதைத்தான் சால்மர்ஸ் 1990களின் நடுவில் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டார். பிரக்ஞையோடு இணைந்திருக்கும் மூளைச் செயல்பாடு எது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் 1998இல் அவரோடு பந்தயம் கட்டி, 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப் புட்டிகளைக் கொடுத்தார். பிரக்ஞையும் புதிர், குவாண்டமும் புதிர், எனவே இரண்டும் ஒரே புதிர் என்று முடிவுசெய்யும் பழக்கத்தைச் சால்மர்ஸே கண்டித்திருக்கிறார். இந்தச் சிக்கலை அணுகுவதற்குக் கருவிகளின் அளவீடு ஒருபுறம் வேண்டும். தன் அனுபவத்தைத் துல்லியமாகக் கவனித்து, அதற்குள் கற்பனையைக் கலக்காமல் விவரிக்கக்கூடிய மனிதர்கள் மறுபுறம் வேண்டும். உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா 1996இல் முன்வைத்த ஆய்வுமுறை இதுதான். நீண்ட காலம் பயின்ற தியானி, எண்ணம் ஒன்று எழும் கணத்தையும் அது அடங்கும் கணத்தையும் நம்மில் பெரும்பாலோரைவிட நுட்பமாகச் சொல்ல முடியும். 'நான் யார்' என்ற விசாரணையைத் திருவண்ணாமலையில் ரமணர் காட்டிய வழியில் பற்றிக்கொண்டிருப்பவருக்கு ஃபோட்டானின் துணை தேவையில்லை. ஆனால் அவர் தன் அனுபவத்தைப் பற்றித் தரும் நுண்ணிய விவரிப்பு மூளை அறிவியலுக்கு மிகவும் தேவை.

ஆகவே தியானத்தில் அமரும்போது 'குவாண்டம் புலத்தில் இணைகிறேன்' என்று எண்ண வேண்டியதில்லை. அதுவும் கவனத்தை இழுக்கும் இன்னோர் எண்ணமாகத்தான் ஆகும். குவாண்டம் சிகிச்சை, குவாண்டம் தியானம் என்ற பெயரில் பெருந்தொகை கேட்பவர்கள் வந்தால், எந்தத் துகள், எவ்வளவு நேரம் ஓரியல்போடு இருக்கிறது, அதை யார் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அப்படிப்பட்ட வகுப்புகளை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நீண்ட மௌன முகாம்களில் தீவிரமாகத் தியானம் செய்யும் சிலருக்குக் கடும் பதற்றமோ, தன்னிடமிருந்தே தான் விலகிப்போனது போன்ற அச்சமூட்டும் அனுபவமோ ஏற்படுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அப்படி ஏதேனும் உங்களுக்கு நேர்ந்தால் அதை உயர்நிலை அனுபவம் என்று யார் சொன்னாலும், பயிற்சியைச் சில நாள் நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள ஆசிரியரையும் மனநல மருத்துவரையும் பாருங்கள்.